ஒன்பதுக்கு எட்டு

அடுத்த பாயின்ட்டுக்குச் சரியாகப் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

மாலை நாலு மணிக்கு, பிப்ரவரியில் பெய்யவே கூடாத மழை பெங்களூரில் கொட்டியது. மீதி ஆட்டம் நாளைக் காலை பதினோரு மணிக்கு என்று அறிவித்தார்கள். மீதி என்ன பெரிய மீதி? ஆண்கள் டென்னிஸ் இரட்டையர் காலிறுதி, கடைசி டை-பிரேக். பத்தைத் தொட்டவன் ஜெயித்தான். ஞானசேகரனும் டேரிலும் ஒன்பது, எதிரே இரண்டு செக் நாட்டுக்காரர்கள் எட்டு. இன்னும் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று ஞானசேகரனுக்கு வேண்டும். வயது முப்பத்து மூன்று. ஒற்றையர் ஆட்டம் நாலு வருஷத்துக்கு முன்பே கைவிட்டுப் போயிற்று. அரையிறுதிக்குப் போனால் இந்தமாதிரி இரண்டாம் தரப் போட்டிகளில் இன்னும் ஆறு மாதத்துக்கு யாரையும் கெஞ்சாமல் இடம் கிடைக்கும். போகாவிட்டால் லிங்கராஜபுரத்தில் தொப்பை குறைக்க வருபவர்களுக்குப் பந்து தூக்கிப் போடலாம்.

இரண்டாம் தரம் என்பது முதல் தரத்தில் உதை வாங்கித் திரும்பியவர்களும், அதன் வாசலைக்கூடப் பார்க்காதவர்களும் சேரும் இடம். அதிலும் இரட்டையர் என்றால், ஒற்றையரில் தோற்றவன் விமானம் ஏறும்வரை பொழுதைப் போக்குவது. ஜோடி சேர்வது வாட்ஸ்அப்பில். 'இந்த வாரம் ஃப்ரீயா?' 'ஃப்ரீ.' முடிந்தது கல்யாணம்.

டேரில் அப்படி மூன்று வாரத்துக்கு முன் வாய்த்தவன். கிளப்பில் பிறந்து கிளப்பில் வளர்ந்த பையன். ஒரு ஆட்டத்துக்கு ஆறு ராக்கெட், நாலு டி-ஷர்ட், ஒரு வாசனைத் தைலம். பந்து தன்னைத் தாண்டிப் போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பின்னால் ஓடத்தான் ஞானசேகரன் இருக்கிறானே.

மழைக்கு முந்தைய பாயின்ட்டிலும் அதுதான் நடந்தது. எட்டுக்கு எட்டு. ஞானசேகரன் சர்வ் போட்டான். நெட்டையான செக்காரன் திருப்பி அடித்த பந்து, நெட் அருகே நின்ற டேரிலின் காதோரம் பாய்ந்து, ஞானசேகரனையும் கடந்து, கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. அவுட். ஒன்பதுக்கு எட்டு.

நெட்டையனுக்கு மட்டும் ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது. நெட்டுக்கு வந்து டேரிலிடம், "தொட்டதா?" என்றான். டேரில் நெஞ்சில் கை வைத்து, தலையை ஆட்டி, இல்லை என்றான். பேட்டி கொடுப்பவன் மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

பந்து ராக்கெட்டில் உரசிவிட்டு வெளியே போனால் பாயின்ட் எதிரணிக்கு. அம்பயர் கவனிக்காவிட்டால் ஆட்டக்காரனே சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். அடுத்த பாயின்ட் தொடங்குவதற்குள் சொல்லலாம். மற்ற நாட்களில் அதற்கு இருபத்தைந்து வினாடி. அன்றைக்கு மழை அதைப் பத்தொன்பது மணி நேரமாக இழுத்துவிட்டது.

பந்து உரசியது ஞானசேகரனுக்குத் தெரியும்.

இரவு ஏழரைக்கு மனைவி மைதிலி பொம்மசந்திராவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மருந்து கம்பெனி லேபில் வேலை. தட்டில் சோற்றை வைத்தபடி கேட்டாள்.

"ஒரு பாயின்ட்டுக்கு நாளைக்கும் லீவா? நின்னு முடிச்சிட்டு வர்றதுக்கின்னா?"

"மழைடி."

"ரெண்டு பேர்தானே ஆடுறீங்க. ஒருத்தரு குடை பிடிக்கிறது."

அவன் சிரிக்கவில்லை. நெட்டையன் கேட்டதையும் டேரில் நெஞ்சில் கை வைத்ததையும் சொன்னான்.

"நெசமாவே பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"அப்போ ஒம்போது அவங்களுக்கு, எட்டு உங்களுக்கு. டேரில் பொய் சொல்லிட்டானா?"

"அவனுக்கின்னா தெரியும்? நெட்ல நின்னு முடியைச் சரி பண்ணிக்கினு இருந்தான். எவன் கேட்டாலும் அவனைத்தான் கேப்பானுங்க. என்னை எவன் கேட்டான்?"

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

எழுந்து கை கழுவினான். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

காலையில் ஸ்டேடியத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் நாற்காலியைத் துடைக்க வந்தவர்கள். அம்பயர் காந்தா உயரமான இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தாள். கே.ஜி.எஃப்.காரி. மைக்கில் ஆங்கிலம், மைக்கை மூடினால் தமிழ்.

டேரில் புது டி-ஷர்ட்டில் வந்தான். பயிற்சிக்கு நாலு பந்து அடித்துவிட்டு அருகில் வந்து நின்றான்.

"மச்சா, அந்த நெட்டைக் கொக்கு இன்னும் முறைக்குது பாரு. ராத்திரி ஓட்டல்லயும் வந்து கேட்டான்."

"இன்னா சொன்னே?"

"பந்து என்கிட்ட வரவேயில்ல, சேகர்கிட்டதான் போச்சுன்னேன். பட்டிருந்தா சேகரே சொல்லியிருப்பான்னேன். எங்கம்மா மேல ப்ராமிஸ் பண்ணேன், அப்புறம்தான் போனான்."

"என்னைக் கேக்காம எதுக்குடா ப்ராமிஸ் பண்ணே?"

"உன்னைக் கேக்கணுமா? போ மச்சா."

மடையன் என்று நினைத்தான் ஞானசேகரன். வடிகட்டின மடையன். மூன்று வாரப் பழக்கத்தில் எவனாவது பெற்ற தாய் மேல் சத்தியம் செய்வானா? நேற்றிலிருந்து இவனை எத்தனை திட்டு திட்டியாயிற்று, மனசுக்குள். பொய்யன் என்று திட்டத்தான் வழியில்லை. அவனுக்குத் தெரிந்தவரை அவன் சொன்னது உண்மை. கொஞ்சம் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

காந்தா மைக்கில் ஆட்டம் தொடங்கலாம் என்றாள். நெட்டையன் கோட்டில் வந்து நின்று பந்தைத் தட்டினான். ஒரு தட்டு, இரண்டு தட்டு.

ஞானசேகரன் ராக்கெட்டை உயர்த்திக் காட்டிவிட்டு அம்பயர் இருக்கையை நோக்கி நடந்தான்.

"டேய், எங்கடா போறே? மேட்ச் பாயின்ட்டுடா!" என்றான் டேரில்.

காந்தா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தாள். "என்ன சேகர், கால் பிடிச்சிக்கிச்சா?"

"இல்ல மேடம். நேத்து அந்தப் பந்து என் ராக்கெட்ல பட்டுச்சு."