இல்லாத ஆள்

2015 மார்ச் 9ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு, துறைமுகத்தின் நான்காம் கப்பல்தளத்துக் கிரேனின் நூற்று நாற்பத்திரண்டு படிகளை ஒரு பெண் கேமராவோடு ஏறி முடித்தாள்.

ஆவணப்படம் எடுப்பவள். மேலே கண்ணாடித் தரை போட்ட சின்ன அறையில், இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே உட்கார்ந்து கன்டெய்னர்களைத் தூக்கி வைக்கும் ஒரு மனிதர்தான் அவள் படம். ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று கைவைத்தாள். ஒன்பது வருடம் ஆயிற்று. கல்யாணம் செய்திருந்தால்கூட ஒரே ஆளை இவ்வளவு நாள் பார்த்திருக்க மாட்டாள் என்பது, படத்தொகுப்பு செய்யும் அவளுடைய தம்பியின் கணக்கு.

முதல் மாதம் கிரேன்காரர் தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கேமரா ஓடும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார். அவள் ஒரே விதிதான் சொன்னாள்.

"நான் இல்லைன்னே நினைச்சுக்கோங்க அண்ணா. எனக்காக எதுவும் செய்யாதீங்க, சொல்லாதீங்க."

கிரேனைப் பழகிய அதே ஒழுங்கோடு அவர் அதையும் பழகினார். ஆறே மாதத்தில், அவள் பை காலில் இடறினாலும் குனிந்து பார்க்காமல் தாண்டிப் போனார். அவளுக்கு அதில் பெருமை. முந்நூறு மணி நேரப் படத்தில் ஒரு பொய் கிடையாது என்று யாரிடமும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வாள்.

மிச்சமிருந்தது முடிவு மட்டும். 2024 மே 31, வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. கடைசியாக அவர் படியிறங்கி வருவதோடு படம் முடியும். தியேட்டரில் தேதிகூட வாங்கியாயிற்று. அந்த வாரம் முழுக்கத் தம்பியோடு தொகுப்பறையில் கிடந்துவிட்டு, வெள்ளிக்கிழமை விடியலில் இரண்டு பேட்டரியோடு மேலே ஏறினாள். இருக்கையில் வேறொருவர் இருந்தார். பெரியவர் மிச்சமிருந்த மூன்று நாள் விடுப்பை எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமையே இறங்கிவிட்டதாகப் புது ஆள் சொன்னார்.

நூற்று நாற்பத்திரண்டு படியையும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறைத் தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்து, ஒழுகும் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏன்ணா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீதானம்மா இல்லைன்னு நினைச்சுக்கச் சொன்ன. இல்லாத ஆளுக்கு எப்படிச் சொல்றது?"

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

அவர் மனைவிதான் அடுப்பிலிருந்து திரும்பினார். "ஒன்பது வருஷமா என் கையால சாப்பிடறா, இவருக்கு இல்லாத ஆளாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டாள். அவன் அசரவில்லை, படியிறங்கும் காட்சி இருநூறு இருக்கிறதே, ஒன்றை ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றான். தனக்குத் தெரியும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கிரேன்காரரும் தம் பங்குக்குச் சமாதானம் சொன்னார்: திங்களன்று மேற்பார்வையாளரைக் கேட்டு இன்னொருமுறை ஏறி இறங்குகிறேன், எடுத்துக்கொள். அதுவும் வேண்டாம் என்றாள்.

முடிவில்லாமல் படத்தைக் கொடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமையைத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. கேமராவைச் சமையலறை மேடைமேல் வைத்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நான் இருக்கேன் அண்ணா. செவ்வாய்க்கிழமை என்ன நடந்ததுன்னு எனக்குச் சொல்லுங்க."

அவர் தொட்டிக்கடியிலிருந்து நகர்ந்து வந்து எழுந்து உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கையில் ஸ்பானர் இருந்தது.

கீழே இறங்கிய பிறகுதான் தண்ணீர் பாட்டிலை மேலேயே விட்டது தெரிந்ததாம். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏறினாராம். மாற்று ஆள் இன்னும் வந்திருக்கவில்லை. கீழே லாரி ஒன்று காத்திருந்தது. உட்கார்ந்து ஒரு கன்டெய்னரை இறக்கிக் கொடுத்தாராம்.

"அதுதான் கடைசி. பச்சைக் கலர். கொஞ்சங்கூட ஆடாம உட்கார்ந்துச்சு. நீ பார்த்திருக்கணும்."

"பாட்டில்?"

"அதை மறுபடியும் மறந்துட்டேன்."

படம் எண்பத்தேழு நிமிடம். கடைசி நான்கு நிமிடம் சமையலறையில் நடக்கிறது. அவள் குரல் அதில் மட்டும் கேட்கிறது. குறித்த தேதியில் திரையிட்டார்கள்.