டப்பாவில் ஒட்ட வேண்டியது

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ராஜபாளையத்தில் காப்பித்தூள் வாங்கப் போனேன். தூளுக்குப் பதிலாகக் கதை கிடைத்தது. பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். மறுதபாலில் பதில்: 'உடனே அனுப்பவும். தலைப்புக்கு மேல் "முழுக்க முழுக்க உண்மைச் சம்பவம்" என்று போடுகிறோம்.'

கடிதம் மேசையில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

2

தொடக்கம்: 'கடைத்தெருவில் வறுபடும் காப்பிக்கொட்டையின் மணம், காதலியின் கூந்தலைப் போல—'

வேண்டாம். கொட்டை வறுபட்டால் புகைதான் வரும். புகைகிற கூந்தலுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று: 'காப்பிக்கடை தேவநேசன் பரம யோக்கியர்—'

அதுவும் பொய். பன்னிரண்டு வருஷமாகச் சிறுமலைக் காப்பித்தூளில் கால் பங்கு சிக்கரி வேர்த்தூளைக் கலந்து, 'சுத்தமான சிறுமலைக் காப்பி' என்று லேபிள் ஒட்டி விற்றவர்.

அவர் யோக்கியரானது போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில். கள்ளத்தராசைப் பற்றிச் சபைப் போதகர் ஐயர் பொதுவாகத்தான் பிரசங்கம் செய்தார். ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி ஞானரத்தினம் கழுத்தைத் திருப்பி தேவநேசனைப் பார்த்தாள். அவள் பார்க்கிறாளே என்று சபை முழுவதும் பார்த்தது. மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சாபீஸில் புது லேபிளுக்கு ஆர்டர் போனது: 'சிறுமலைக் காப்பி முக்கால், சிக்கரி கால்.'

3

சேத்தூரில் பயிர்செய்கிற சம்சாரி சோலைச்சாமி வில்வண்டியில் வந்து இறங்கினார். மகள் கல்யாணத்துக்கு முப்பது டப்பா வேண்டும். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் டப்பாக்களைப் பந்தலில் அடுக்கி வைப்பது வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் காப்பிக்கு முன்னால் லேபிளைக் குடிப்பார்கள்.

"ஏலே தேவநேசா, சிக்கரி கால்னு போட்டிருக்கியே! சம்பந்தக்காரவிய படிச்சா, நகையிலயும் கால் பங்கு பித்தளைம்பாவ."

"அப்ப சுத்தமாவே அரைச்சுத் தாரேன், அண்ணாச்சி."

மறுநாள் மாப்பிள்ளையின் தாயார் இருளம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ருசி பார்க்க வந்தாள். சுத்தக் காப்பியில் ஒரு மடக்குக் குடித்தாள்.

"இது என்னய்யா, டம்ளர் கழுவுன தண்ணியா?"

அடுத்துக் கலப்புக் காப்பி. மூக்குத்தி மின்ன முழு டம்ளரையும் குடித்தாள்.*

"இதுல்லா சுத்தக் காப்பி! எம்புட்டுக் கருப்பு!"

(* இருளம்மாளை நான் பார்த்ததில்லை. தேவநேசன் சொல்லக் கேட்டதுதான். மூக்குத்தி என் கைச்சரக்கு.)

அவள் போனதும் சோலைச்சாமி கணக்காகச் சொன்னார்: "உள்ள கலப்பு. வெளிய பழைய லேபிள். எங்க கல்யாணத்துல பேரெடுத்தா கான்சாபுரம் வரைக்கும் ஒன் காப்பிதான். மாட்டேன்னா நான் வேற கடைக்குப் போறேன்."

உள்ளேயிருந்து ஞானரத்தினத்தின் குரல்: "தாராளமா ஒட்டுங்க. நாளைலயிருந்து கொட்டையையும் நீங்களே வறுத்துக்கிடுங்க."

அந்தக் கடையில் வறுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தேவநேசன் வறுத்தால் இஸ்திரிப் பெட்டிக்கு உதவும்.

4

இந்தச் சமயத்தில்தான் நான் கால்படி தூளுக்காக உள்ளே நுழைந்தேன்.

"வாங்க சார்வாள், கதை எழுதுதவுக! பொய்யும் இல்லாம, யாவாரமும் கெடாம ஒரு வாசகம் எழுதிக் குடுங்க" என்றார் தேவநேசன்.

எழுதினேன்: 'சேத்தூர்க் கல்யாணக் காப்பி.'

சோலைச்சாமி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஞானரத்தினம் வாங்கிப் படித்தாள்.

"பொய் இல்ல. உண்மைய எங்க வச்சிருக்கிய?"

"செத்த நேரத்துல வாரேம்மா" என்று வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். தூளை மறந்துவிட்டேன்.

5

முடிவு ஒன்று: பழைய லேபிள். ஞானரத்தினம் அடுப்பைவிட்டு எழுகிறாள். அதன்பிறகு கான்சாபுரம் வரைக்கும் கரி—

முடிவு இரண்டு: புது லேபிள். இருளம்மாள் படித்துவிட்டு, "அட, ருசி சிக்கரியிலதான் இருக்கா? அரைப் பங்காப் போடுங்க!" என்கிறாள். ஆசிரியருக்கு இது பிடிக்கும். அதனால்தான் சந்தேகப்படுகிறேன்.

மூன்றாவதை எழுதுமுன் ஆசிரியருக்கு ஒரு கார்டு போட்டேன்: 'தலைப்புக்கு மேல் இப்படிப் போடவும்: "நடந்தது முக்கால், சிக்கரி கால்." முடியாதென்றால் கதை வந்ததும் திருப்பி அனுப்பவும்.' போன மாதம் இரண்டு கதைகள் திரும்பி வந்தன. இதுவும் வந்தால் வீட்டில் காப்பி கிடையாது. சுத்தமும் இல்லை, கலப்பும் இல்லை.

கார்டைத் தபாலில் சேர்த்த பிறகுதான் அந்தக் கடைப்பக்கம் தலைகாட்டத் துணிந்தேன். சோலைச்சாமியின் வில்வண்டி மறுபடியும் வாசலில் நிற்கிறது. முப்பது டப்பாவும் லேபிள் இல்லாமல் நிற்கின்றன. தேவநேசன் என் முகத்தைப் பார்க்கிறார்.

நான் என் கதைக்கு லேபிளை ஒட்டிவிட்டேன். டப்பாவில் எதை ஒட்டுவது என்ற மூன்றாவது முடிவு உங்களுடையது, வாசகரே; இந்தாருங்கள், பசை காய்வதற்குள் பிடியுங்கள்.