மரத்தூளைக் கழுவாமல் விட்ட கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கால் உடைந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தச்சரிடம் போனபோதுதான் இந்தக் கதை கிடைத்தது. பட்டறை மூலையில் மரத்தூள் மூட்டைகள் இருந்தன.

"இதெல்லாம் என் தங்கச்சி புருஷன் எடுத்துட்டுப் போயிடுவாரு. சாயப்பட்டறையில தண்ணி கழுவ," என்றார்.

தூளைப் போட்டுத் தண்ணீரைக் கழுவுவதா! மீதியைக் கேட்காமலே எழுத ஓடிவந்துவிட்டேன். நாற்காலி அங்கேயே கிடக்கிறது. இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

2

'மாலைச் சூரியன் நீலக் கழிவுநீரில் தன் முகத்தை' — வேண்டாம்.

தச்சரின் மச்சானைச் சாயப்பட்டறையில் சொட்டு என்பார்கள். சோதனை அறையில் நாளெல்லாம் சொட்டு எண்ணுகிறவர். (முதலில் அவருக்கு மீசை வைத்திருந்தேன். சாயம் ஒட்டும் என்று எடுத்துவிட்டேன்.) கழிவுநீரின் நீலம் போகாவிட்டால் அதிகாரி வந்து பூட்டுப் போடுவார். பூட்டினால் சொட்டுக்கும் வேலையில்லை, அங்கேயே இஸ்திரிப் பிரிவில் இருக்கும் அவர் மனைவிக்கும் வேலையில்லை.

பெரிய இயந்திரம் வாங்க முதலாளிக்கு மனமில்லை. சொட்டுதான் மரத்தூள் யோசனை சொன்னார். சாயம் தூளில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தெளிந்து இறங்கும். ஒருவரும் நம்பவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது.

"தெளிஞ்ச தண்ணிய நானே ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுறேன்!" என்று சவால் விட்டார்.

முதலாளி அதைச் சோதனை நாள் அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்.

"டீயில ஆடை மிதந்தாலே மூஞ்சியத் திருப்புற ஆளு நீங்க," என்றாள் மனைவி. "உங்களுக்கு எதுக்கு இந்தச் சவடால்?"

3

அந்த நாள் வந்தது. பீப்பாயில் தூளை நிரப்பி, மேலிருந்து சாயத்தண்ணீரை ஊற்றினார்கள். எல்லாருடைய கண்ணும் அடியில் இருந்த குழாய் மேல். நீலமாக உள்ளே போன தண்ணீர், கடுந்தேநீர் நிறத்தில் வெளியே வந்தது.

"கலரை எடுக்கச் சொன்னா, மாத்திக் குடுத்திருக்கீங்க," என்றார் அதிகாரி.

சொட்டு டம்ளரை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"சார், நான் தூளக் கழுவினேனா?"

"எதுக்கு?"

"கழுவாத தூள்ல மரத்தோட சாறு இருக்கும் சார். அதான் இப்ப இறங்குது. நீலம் போயிடுச்சு, ஆனா யாரு நம்புவாங்க? முதல்ல வெந்நீர்ல நல்லா அலசணும். அத நீங்க எழுதவே இல்லையே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தச்சரிடம் கேட்காமல் விட்ட மீதி அதுதான்.*

* மீசைக்கு இரண்டு வாக்கியம் செலவழித்திருக்கிறேன். இதற்கு ஒன்றுகூட இல்லை.

4

இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். பயனில்லை. அதிகாரி அந்த நிறத்தைப் பார்த்துவிட்டார். நீங்களும்தான். ஆகவே முடிவையாவது மாற்றலாம்.

அ) சொட்டு மடமடவென்று குடிக்கிறார். கைதட்டல்.

"நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க சார். குடிக்கிறது நான்." நிறம் போனதாலேயே அது குடிநீர் ஆகிவிடாது என்று அவருக்குத் தெரியும். சவால் விட்ட அன்றும் தெரியும்.

ஆ) மனைவி ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிடுகிறாள்.

"முதலாளி முன்னாடியா? பூட்டுறதுக்கு முன்னாடியே என் வேலை போயிடும்," என்றாள் அவள்.

இ) திடீரென்று பெருமழை — வேண்டாம்.

5

கடைசியில் சொட்டே வழி சொன்னார். "இன்னும் ரெண்டு மூட்டை இருக்கு. நாங்க அலசுறோம். அலசுற தண்ணி தெளியிற வரைக்கும் அதிகாரியப் பேச்சுல புடிச்சு வைங்க. விஷயமே இல்லாம பேசுறது உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

இப்போது பின்கட்டில் கணவனும் மனைவியும் முழங்கை வரை நனைந்து தூள் அலசுகிறார்கள். அதிகாரி கையில் பூட்டை வைத்துக்கொண்டு மூன்றாம் முறையாகக் கடிகாரம் பார்க்கிறார். நாற்காலிக் கதையைச் சொல்லிவிட்டேன், மீசைக் கதையையும் சொல்லிவிட்டேன். எட்டிப் பார்த்தேன். நான்காவது அலசல், இன்னும் இளமஞ்சளாகத்தான் இருக்கிறது. என் சோம்பலுக்கு அவர்கள் கை வெந்துகொண்டிருப்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்தவர். இப்படி வந்து அதிகாரி எதிரில் நில்லுங்கள். (நாற்காலி இல்லை, மன்னிக்கவும்.) எதை வேண்டுமானாலும் பேசுங்கள், நிறுத்தாமல் பேசுங்கள். அந்த டம்ளரை மட்டும் அவருக்கு நினைவுபடுத்திவிடாதீர்கள்.