குறிக்காத பார்

வரைபடத்தில் சூசைப்பிள்ளை வட்டம் போட்ட இடத்தில் அவர் ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை. அங்கே வெறும் மணல். அன்று பருத்தித்துறை மீனவர் சங்கத்தில் பென்சில் பிடித்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். தன் பார் எங்கே என்று கட்டின மனைவிக்கும் சொல்லாத ஊர் அது.

எண்பத்துமூன்றாம் ஆண்டு, பங்குனி மாதம். எண்ணெய் தேடும் கப்பலொன்று சித்திரையில் அந்தக் கடலுக்கு வரவிருந்தது. நீருக்குள் காற்றை வெடிக்கவைத்து, அடியிலிருந்து திரும்பும் சத்தத்தை அளப்பார்களாம். அந்த வெடிக்குப் பாரிலுள்ள மீன் கலைந்துவிடும். எண்ணெய்க் கம்பனி அனுப்பிய சிவசுப்பிரமணியம் இளம் வயது, ஒளிவுமறைவில்லாதவன். குறித்துத் தரும் பார்களை விட்டு விலகியே கப்பல் ஓடும் என்று எழுத்திலேயே கொண்டுவந்திருந்தான். குறிக்காத இடத்துக்குத் தான் பொறுப்பில்லை என்பதையும் சொன்னான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சூசைப்பிள்ளை இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். மனைவி மார்கிரட் மீன் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்கடை பாருக்கு மேலாலை கப்பல் போகும், என்ன?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சித்திரையில்தான் கலவாய் மீன் சினையோடு அங்கே ஒதுங்கும். அவருடைய தகப்பன், அப்பு, சாகுமுன் அவருக்கு ஒரு பாரும் தம்பி யாக்கோப்புக்கு ஒரு பாருமாகத் தனித்தனியே சொல்லிவிட்டுப் போனார். வீட்டு வளவுக் காணி பிரித்த சண்டையில் அண்ணன் தம்பி கதைத்து ஆறு வருடம். ஒருமுறை இயந்திரம் நின்று வள்ளம் இழுபட்டபோது, தம்பி தூண்டில் போடும் இடத்தைச் சூசைப்பிள்ளை கண்டார். கடலில் இடம் குறிக்கிற பழக்கத்தில் கரையைத் திரும்பிப் பார்த்தார். வெளிச்சவீடும் மாதா கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் நின்றன. அதன்பிறகு அந்தப் பக்கம் அவர் வள்ளம் விட்டதில்லை.

அடுத்த நாள் காலை சங்கத்துக்குப் போனார். நேற்றுக் கண் சரியாகத் தெரியவில்லை, வேறிடம் குறிக்கவேணும் என்றார். சிவசுப்பிரமணியம் வரைபடத்தை விரித்தான். அவருடைய பாரின்மேல் ஏற்கெனவே ஒரு வட்டம் இருந்தது.

"நேற்றுப் பின்னேரம் உங்கடை தம்பி வந்தவர். அண்ணை உதைச் சொல்லமாட்டார், நான் சொன்னனெண்டும் சொல்லாதையும் எண்டவர்." அவன் தலையைச் சொறிந்தான். "சொல்லிப்போட்டன்."

சூசைப்பிள்ளை அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்தார். தன் பார் தம்பிக்கும் தெரிந்திருக்கிறது, அவனும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

"தன்ரையைச் சொன்னவனோ?"

"தனக்கு அப்பிடி ஒண்டும் இல்லையாம்."

அவர் பென்சிலை வாங்கி, வெளிச்சவீட்டுக்கும் மாதா கோயிலுக்கும் நேர்கோட்டில் விரலால் அளந்து, இன்னொரு வட்டம் போட்டார்.

"உது ஆரின்ரை பார், அண்ணை?"

"ஆரின்ரையெண்டாலும் கப்பல் வரக்கூடாது." வாசல்வரை போனவர் திரும்பினார். "மற்றதெல்லாம் பொய் வட்டம், தம்பி. ஒருத்தனிட்டை அவன்ரை பாரைக் கேளாதையும். பக்கத்து வள்ளக்காரன்ரையைக் கேளும். அவன் சரியாச் சொல்லுவான்."

கரையில் யாக்கோப்பு குனிந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வழக்கமாகச் சுற்றிப்போகிற சூசைப்பிள்ளை அன்று அவன் வள்ளத்தடியில் நின்றார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டியோ?"

யாக்கோப்பு நிமிரவில்லை. ஆனால் கை நின்றது.

"இன்னும் இல்லை, அண்ணை."