தகப்பன் பெயர்

வக்கீல் துஷ்யாவின் அழைப்பு வந்தபோது சபியுல்லா ஆட்டுத்தொடையைப் பிளந்துகொண்டிருந்தான். கை முழுக்க இரத்தமும் கொழுப்புமாக இருந்ததால், போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டவர் கடை முதலாளி குலசேகரம்தான்.

"டிஎன்ஏ ரிசல்ட் வந்திட்டுது. பொடியங்கள் ரெண்டு பேரும் ஓகே. மீனா உங்கட மகள் இல்லை எண்டு வந்திருக்கு. விசா முடிவும் வந்திருக்கு. நாளைக்கு ஒஃபிசுக்கு வாங்கோ."

சபி கத்தியை வைக்கவில்லை. முன்னால் நின்ற பெண்மணி ஒன்றரைக் கிலோ கேட்டிருந்தாள். வெட்டி, நிறுத்து, பையில் போட்டுக் கொடுத்தான். குலசேகரம்தான் பக்கத்திலிருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

இலண்டன் மோர்டனில் அவருடைய கடையில் மீன் வாங்கினால் ஆலோசனை இலவசம். எந்த விசாவுக்கு என்ன எழுதவேண்டும், எந்த அதிகாரிக்கு முன்னால் எப்போது அழவேண்டும் என்பதெல்லாம் செதில் எடுக்கிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடுவார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். தன் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் சட்டனில் வீடு வாங்கித் தன்னை மறந்துவிட்டார்கள் என்ற மனக்குறையும் கூடவே வரும். இறைச்சி வெட்டத் தெரியும் என்று வந்து நின்ற இந்த ஆப்கான்காரன், கடையில் நின்றே தமிழ் பழகி, "அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவனுடைய குடும்பத்தைத் தானே இலண்டனுக்கு எடுத்துக் கொடுப்பதென்று முடிவு கட்டிவிட்டார்.

குடும்பம் பெஷாவரில் இருந்தது. மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், பிறகு மீனா. மீனா சபியின் அண்ணன் ஹமீதின் மகள். தாயும் தகப்பனும் ஒரே குண்டில் போனபிறகு, சபியின் மனைவிதான் அவளுக்குச் சோறு தீத்தி, தலைவாரி வளர்த்தாள்.

"மீனா எண்டது எங்கட பேரடா," என்று குலசேகரம் முதல் நாளே உரிமை கொண்டாடினார். "அண்ணன்ர பிள்ளை எண்டு எழுதினா விசாக்காரன் தூக்கி எறிஞ்சுபோடுவான். உன்ர பிள்ளை எண்டு போடு. எங்கட ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான் கூப்பிட்டவை."

"அண்ணை, அண்ணன்ர பிள்ளை எண்டு சொல்ல எனக்கு வெக்கம் இல்லை," என்றான் சபி. "உண்மை சொல்லுவம்."

"உண்மையைச் சொல்லியிருந்தா நான் இண்டைக்கு இஞ்ச நிண்டிருப்பனே?"

அது மெய்தான். தொண்ணூறுகளில் குலசேகரம் வந்தது இலண்டனில் இருந்த பெரியப்பா சிவானந்தனின் மகனாக. கொழும்பு லொட்ஜில் இருந்து பாடமாக்கிய பொய் அது. இரத்தம் எடுத்துப் பார்க்கிற வழக்கம் அவருக்குத் தெரிய அப்போது இல்லை. சொன்னதை ஒழுங்காகத் திருப்பிச் சொன்னால் உள்ளே விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் குலசேகரம் சிவானந்தன். கலியாணப் பதிவிலும் கடைப் பதிவிலும் அதே பெயர். யாழ்ப்பாணத்தில் தனியாகக் கிடந்து செத்த சொந்தத் தகப்பன் கதிர்காமநாதனின் பெயர், இலண்டனில் ஒரு துண்டுக் காகிதத்திலும் இல்லை. அதை நினைத்து அவர் வருந்தியதாக யாரும் கண்டதில்லை. கெட்டிக்காரத்தனமாகத்தான் சொல்லிக்காட்டுவார்.

டிஎன்ஏ கேட்டு வந்தபோதுகூட மனிதர் கலங்கவில்லை. "சொந்த அண்ணன்ர பிள்ளைதானே. ஒரே இரத்தம். அது காட்டிக் குடுக்காது," என்று அடித்துச் சொன்னார். சபி நம்பினான். தம்பி என்று கூப்பிடுகிறவரை எப்படி நம்பாமல் இருப்பது?

மீனாவுக்குப் பாடம் நடத்தியவரும் அவரே. மத்தியானத்தில் கடை ஓய்ந்ததும் போனைப் பால்மா டின்னில் சாய்த்துவைத்துவிட்டு, ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். பெயர் என்ன? தகப்பன் பெயர் என்ன? முதல் நாள் அந்தப் பிள்ளை, "ஹமீத்," என்றது. "நோ, நோ," என்று குலசேகரம் விரலை ஆட்டினார். அடுத்த நாளும் ஹமீத். மூன்றாம் நாள் அழுதது. பிறகு ஒரு நாள், கண்ணை மூடிக்கொண்டு, "சபியுல்லா," என்றது. "வெரி குட்!" என்று அவர் கத்திய கத்தலில், சாமான் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போகப்போக அவள் பாடமில்லாத வேளையிலும் அவனைத் தகப்பன் முறை சொல்லியே கூப்பிடத் தொடங்கினாள். சபிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே போன் எடுத்தான்.

சட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த துஷ்யாவின் அலுவலகத்துக்கு மறுநாள் குலசேகரமும் சபியோடு போனார். துஷ்யா இங்கேயே பிறந்த பிள்ளை. கோபம் வந்தால் தமிழ் கொஞ்சம் தடக்கும். "நீங்கள் என்னட்டையும் மகள் எண்டுதானே சொன்னனீங்கள்? அண்ணாவின்ர பிள்ளை, தாய் தகப்பன் இல்லை, நாங்கள்தான் வளர்க்கிறம் எண்டு சொல்லியிருந்தா நான் ஃபைட் பண்ணியிருப்பன். அதுக்கு ஒரு வழி இருந்தது. இப்ப எல்லாமே பொய் எண்டு எல்லாரையும் ரிஜெக்ட் பண்ணியிட்டினம். வைஃபுக்கும் பொடியங்களுக்கும் அப்பீல் போடலாம். மீனாவை அதில சேர்க்க ஏலாது."

பிறகு கேட்டாள். "யார் உங்களுக்கு இந்த அட்வைஸ் தந்தது?"

குலசேகரம் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். 

"ஒருத்தரும் இல்லை," என்றான் சபி. "நான்தான்."

அப்பாடா என்று குலசேகரத்துக்கு மூச்சு வந்தது. அந்த ஆறுதலுக்காக அவர் வெட்கப்பட்டது உண்மை. ஆனால் அது பஸ்ஸில் ஏறியபிறகு.

பெஷாவரில் பொலிஸ் வீடு வீடாகப் போய் ஆப்கான்காரரை எல்லைக்கு அப்பால் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. மனைவியும் பொடியங்களும் வந்துவிட்டால், மீனா பக்கத்து வீட்டுக் கிழவியோடு நிற்கவேண்டும். அந்தக் கிழவியையும் ஏற்றிவிட்டால் எங்கே நிற்பாள் என்று குலசேகரம் யோசித்தார். அவரிடம் ஆலோசனை இருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கடை ஓய்ந்தது. சபி கையைக் கழுவி, துடைத்து, போனை அழுத்தி, அதே பால்மா டின்னில் சாய்த்து வைத்தான்.

"மனிசிக்குச் சொல்லிட்டன். அவள் பிள்ளைக்குச் சொல்லமாட்டாளாம். எனக்கும் ஏலாது." குரலில் சூடே இல்லை. "நீங்கள்தானே அண்ணை சொல்லிக் குடுத்தது. நீங்களே சொல்லுங்கோ. இனி நான் அவளுக்குச் சித்தப்பா எண்டு சொல்லுங்கோ. அவள் வரேலாது எண்டும் சொல்லுங்கோ."

"தம்பி, நான் எப்பிடியடா..."

திரை வெளிச்சமாகிவிட்டது. மீனா பச்சைத் துணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, அவரைக் கண்டதும் பாடம் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடங்கிவிட்டாள். பெயர் மீனா. தகப்பன் பெயர் சபியுல்லா. தகப்பன் இலண்டனில் வேலை செய்கிறார். எங்கும் தடக்கவில்லை. முடித்துவிட்டு, வழக்கமாக வருகிற சொல்லுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெரி குட்," என்றார் குலசேகரம்.

சபி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். மீனா பல் தெரியச் சிரித்து, துணியை மறுபடி சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.