பஸ்ஸில் காது கேட்ட ஒரே ஆள்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் மனைவியின் இடது முழங்கால். கலைமகள், கனவு, ஆழ்மனம் என்று ஏதாவது பெரிய இடத்தைச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்வது, முழங்கால்தான்.

தவமலரும் எங்கள் மகள் சாருஜாவும் மெக்சிகோவுக்குப் போவதென்று ஒரு வருடம் முன்பே பதிந்து வைத்திருந்தார்கள். காது கேளாதவர்களுக்கான சுற்றுலா அது. டென்மார்க்கிலிருந்து காது கேளாதவர்கள் இருபத்திரண்டு பேர், அவர்களோடு தவமலர். அங்கே கூட்டிக்கொண்டு திரியும் வழிகாட்டிக்கும் காது கேட்காது. சாருஜா பிறவியிலேயே அப்படி. தவமலருக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் சைகைமொழியில் மகளோடு சண்டை பிடிக்கும் அளவுக்குக் கெட்டிக்காரி. புறப்பட மூன்று கிழமை இருக்கையில் முழங்காலில் சத்திரசிகிச்சை என்று கடிதம் வந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, எனக்குப் பதிலா நீங்கள் போங்கோ."

"நான் போய் என்ன செய்யிறது? எனக்கு அந்தப் பாஷை தெரியாதே."

"முப்பத்துமூண்டு வரியமாத் தெரியாது. இன்னும் ரெண்டு கிழமையில ஒண்டும் குறைஞ்சு போகாது."

என்னை அறிமுகம் செய்யாமல் விட்டுவிட்டேன். கொப்பன்ஹேகன் புறநகரான ஹ்விடோவ்ரே பக்கம் வந்து பாலேந்திரா அண்ணை என்று கேட்டால் சொல்வார்கள். சிலர் ஓடவும் கூடும். மூன்று சிறுகதைத் தொகுதி போட்டவன். பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, புத்தக வெளியீடு, அஞ்சலிக் கூட்டம் எதுவானாலும் "இரண்டே நிமிடம்" என்று ஒலிவாங்கியைப் பிடித்தால் சாப்பாடு ஆறும்வரை விடமாட்டேன். மகள் சின்னவளாக இருந்தபோது கொமூன்காரர், அதாவது நகரசபையார், பெற்றோருக்குச் சைகைமொழி வகுப்பு வைத்தார்கள், சனிக்கிழமைகளில். சனிக்கிழமை எனக்கு இலக்கிய வட்டம். ஆகவே தவமலர் போனாள், வீட்டில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். அவள் கடைக்குப் போயிருந்தால் நானும் மகளும் ஒரே சோபாவில் இருந்துகொண்டு போனில் டேனிஷில் செய்தி அனுப்பிக்கொள்வோம்.

2

திரும்பி வந்த பிறகு இந்தக் கதைக்கு நான் எழுதிய முதலாவது தொடக்கம்:

"பஸ்ஸுக்குள் ஆழ்ந்த மௌனம் குடிகொண்டிருந்தது. அந்த மௌனத்தைக் கிழித்துக்கொண்டு—"

இதைச் சாருஜாவிடம் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் போன் அதை டேனிஷ் ஆக்கிக் கொடுத்தது. (என் மூன்று தொகுதிகளில் ஒன்றையும் என் மகள் வாசித்ததில்லை. இந்த வசனத்தை அடைப்புக்குறிக்குள் போட்டால் வலிக்காது என்று நினைத்தேன். வலிக்கிறது.)

"எந்த பஸ் அப்பா? நான் வந்த பஸ்ஸோ?"*

அவள் கேட்டது நியாயம். அந்த பஸ்ஸைப் போல இரைச்சலான வாகனத்தில் நான் ஏறியதே இல்லை. சீற்றில் தட்டுவார்கள், தரையில் காலால் உதைத்து முன்னால் இருப்பவரைக் கூப்பிடுவார்கள், அடிவயிற்றிலிருந்து சிரிப்பார்கள். யாருக்கும் தொந்தரவில்லை என்று சாரதி பாட்டை உச்சத்தில் வைத்திருந்தார். (தலைப்பில் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை.) யாரோ ஒருவருடைய பைக்குள் போன் அலாரம் காலை ஆறு மணியிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியாது, அதைக் கேட்கும் சைகையும் தெரியாது. இரண்டு நாள் அடித்து, பற்றரி செத்து, அதுவாகவே ஓய்ந்தது.

இரண்டாவது தொடக்கம்:

"ஊமையர் சபையில் உளறுவாயன் மகாவித்துவான் என்பார்கள். நானும் அந்த நம்பிக்கையில்தான் விமானம் ஏறினேன்."

தவமலர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ஊமையர் எண்டு எழுதினீங்களோ, அவள் உங்களோட கதைக்க மாட்டாள்."

"இப்ப மட்டும் கதைக்கிறாளோ?"

"அது ஆருடைய பிழை?"

வெட்டிவிட்டேன். வெட்டியதை உங்களுக்குக் காட்டுவது ஏன் என்றால், அந்தப் பழமொழியை நம்பித்தான் உண்மையிலேயே விமானம் ஏறினேன்.

* சாருஜா யாழ்ப்பாணத் தமிழ் பேசுவதெல்லாம் என் புளுகு. அவள் கையால் சொன்னதைத் தவமலர் சொல்லியிருப்பாள், அல்லது போனில் டேனிஷில் வந்திருக்கும். அவள் எழுதுவது அப்பாவுக்கான டேனிஷ் சொல் "ஃபா", நான் அதை "அப்பா" ஆக்கிவிடுகிறேன். என் மகளுடைய குரலை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம். நான் மறந்துவிடுவேன்.

3

இவர்களுக்கு என் காது தேவைப்படும் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் அறிவிப்பைக் கேட்டுச் சொல்லலாம், ஹோட்டலில் பேசி அறை மாற்றிக் கொடுக்கலாம். அறிவிப்பு ஸ்பானிய மொழியில் வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, இருபத்திரண்டு பேரும் பலகையைப் பார்த்து வாசலுக்குப் போய்விட்டார்கள்.

சாப்பாட்டுக் கடையில் நான் பரிமாறுபவரிடம் ஆங்கிலத்தில் கத்தினேன். விளங்காததால் இன்னும் பலமாகக் கத்தினேன். சாருஜா இரண்டு விரலும் ஒரு புருவமும் வைத்துக்கொண்டு சூப் கேட்டாள், மல்லியிலை வேண்டாம் என்றாள், அந்த மனிதரின் தாய்க்குச் சுகமில்லை என்பதையும் அறிந்துகொண்டாள். எனக்கு வந்தது அவித்த நாக்கு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவர் அந்தக் கடைக்கு வந்ததில்லை.

டேனிஷ் சைகையும் மெக்சிகோச் சைகையும் வேறு வேறு. ஆனாலும் இரண்டாம் நாளே வழிகாட்டியும் எங்கள் ஆட்களும் கலந்து கட்டிக் கதைத்தார்கள். மேசை முழுவதும் கைகள் பறந்தன, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மகளின் கையைச் சுரண்டி, என்ன பகிடி என்று முகத்தால் கேட்டேன். அவள் போனில் ஒரு வரி போட்டாள்.

"பிறகு சொல்லுறன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. (சோறு அல்ல, சோள ரொட்டி.) எத்தனை கலியாண வீடு, எத்தனை பிறந்தநாள்! நாங்கள் எல்லாரும் சிரிக்கும்போது அவள் என் கையைச் சுரண்டுவாள், நான் "பிறகு சொல்லுறன்" என்று கையை அசைப்பேன். ஒரு தரமாவது பிறகு சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

மீண்டும் 3

மேலே உள்ளது பாரமாகிவிட்டது, ஒரு காதலைப் போட்டுச் சமாளிப்போம் என்று நினைத்தேன். வழிகாட்டிக்கு அரும்பு மீசை வைத்து, முப்பத்தைந்து வயதாக்கி, சாருஜாவைப் பார்த்து அவர் தயங்கித் தயங்கி—

"அவ பொம்பிளை, அப்பா. மூண்டு பேரப்பிள்ளை இருக்கு."

"இது கதை பிள்ளை."

"எனக்குக் கலியாணம் பேசிறதெண்டால் நேர பேசுங்கோ. அந்த மனிசிக்கு ஏன் மீசை வைக்கிறியள்?"

மீசையை எடுத்துவிட்டேன்.

4

பத்தாம் நாள் சிச்சென் இட்சா. அங்கே ஒரு பெரிய படிக்கட்டுப் பிரமிட் இருக்கிறது. அதற்கு முன்னால் நின்று கை தட்டினால், எதிரொலி ஒரு பறவை கீச்சிடுவது போலத் திரும்பி வருகிறது. வேறு குழுக்காரர் எல்லாம் வரிசையில் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பெரிய பகிடி. ஏன் இவர்கள் கட்டடத்துக்குக் கை தட்டுகிறார்கள், அது நன்றாக நடித்ததா என்று கேட்டார்களாம். (அவர்களுடைய கைதட்டல் வேறு. இரண்டு கையையும் உயர்த்தி விரித்து அசைப்பார்கள்.)

நானும் தட்டினேன். கீச்சிட்டது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சாருஜா பக்கத்தில் வந்தாள். பத்து நாளில் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டாள். காதைத் தொட்டு, பிரமிட்டைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். அது எனக்கே விளங்கியது. அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது, அப்பா?

அவள் கேட்டது அதை மட்டும்தான். என்னிடம் இருந்தது ஒரு காது, அவளுக்கு வேண்டியது ஒரு குருவி. நான் என்ன செய்தேன் தெரியுமா? குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன்.

மூக்குக்கண்ணாடி பஸ்ஸில் இருந்ததால் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து எழுதினேன். கீச்சுக்கு டேனிஷில் நல்ல சொல்லாக வேண்டும். எழுதினேன், வெட்டினேன், கூரையில் பட்ட ஆலங்கட்டி மழை என்று உவமை போட்டேன், அதையும் வெட்டினேன். கடைசியில் ஒரு வசனம் அமைந்தது, அருமையான வசனம். நிமிர்ந்து பார்த்தால் சாருஜா திரும்பிவிட்டாள். பிரெபனோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பிரெபன் பத்திரிகை அச்சகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற டேனிஷ்காரர், எழுபத்துநான்கு வயது, அவருக்கும் காது கேட்காது. அவள் என்னைத் தலையால் காட்டி, விரித்த உள்ளங்கையைத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

அது என் பெயர். காது கேளாதவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். ஒருவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ள முடியாது, மற்றவர்கள்தான் பார்த்து வைக்க வேண்டும். பிரெபனுடையது, பெருவிரலிலிருந்து மை துடைப்பது. தவமலருடையது, கன்னத்துக் குழி. என்னுடையது அந்தக் கை. இருபத்தேழு வருடமாகப் பார்த்துவருகிறேன். ஏன் அப்படி என்று கேட்டதே இல்லை.

அன்றைக்குப் பிரெபனிடம் எழுதிக் கேட்டேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அழகான கையெழுத்தில் பதில் எழுதினார்: "சாருஜா ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். எங்கள் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பார்கள். உங்கள் முகம் இருக்கிற இடத்தில் எப்போதும் ஒரு தாள் இருந்ததாம்."

முதல் நாள் அறிமுகத்திலேயே அவள் சொல்லிவிட்டாளாம். பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. வெயிலுக்குப் பூசும் கிறீம் கண்ணில் பட்டுவிட்டது என்று சைகை செய்தேன். என் வாழ்க்கையில் எல்லாருக்கும் உடனே விளங்கிய முதல் சைகை அதுதான், ஒருவரும் நம்பவில்லை.

5

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குச் செய்தி அனுப்பினேன், அந்தப் பெயரை மாற்ற முடியாதா என்று.

"நீங்கள் கேட்டு மாத்தேலாது அப்பா. பாக்கிறவைதான் மாத்திறது."

"என்ன செய்தால் மாத்துவீங்கள்?"

பதில் வந்தது: மெக்சிகோ போனவர்கள் எல்லாரும் வருகிற சனிக்கிழமை கொப்பன்ஹேகனில் ஒரு மண்டபத்தில் சந்திக்கிறார்கள். படம் காட்டுவார்கள், ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்று சொல்வார்கள். "நீங்கள் அந்தக் குருவியைச் சொல்லுங்கோ. தாள் இல்லாமல்."

(சனிக்கிழமை. இலக்கிய வட்டத்துக்கு வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். செயலாளரின் மகிழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை.)

இன்றைக்கு வியாழன். குசினியில் தவமலர் பாடம் எடுக்கிறாள். காலை நீட்டி வைத்துக்கொண்டு, வாத்தியாராகிவிட்ட சந்தோஷத்தில் இருக்கிறாள்.

"குருவி பறக்கிறதைக் காட்டச் சொன்னால் கோழி உரிக்கிறீங்கள்!"

"விரல் மடங்குதில்லை."

"பேனை பிடிக்க மட்டும் மடங்குது. முகத்தைக் கொஞ்சம் அசையுங்கோ. அஞ்சலிக் கூட்டத்தில நிக்கிற மாதிரி நிக்கிறீங்கள்."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிய நான், முன்னறைக்கு வந்து, சாய்கதிரையில் காலை மடித்து, எழுதும் அட்டையை முழங்காலில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஏற்கெனவே வெட்டி வெட்டி வைத்திருந்த இந்தக் கதையை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். ஆம், நீங்கள் இவ்வளவு நேரமும் வாசித்தது நான் பயிற்சிக்கு ஒளித்து எழுதியது. நீங்கள் தொடர்ந்து வாசித்ததால் நானும் தொடர்ந்து எழுதினேன். பழியில் உங்களுக்கும் பங்குண்டு.

6

எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

அ. மண்டபத்தில் எழும்பி நிற்கிறேன். என் கைகளிலிருந்து குருவி எழும்பிப் பறக்கிறது. நாற்பத்து நான்கு கைகள் உயர்ந்து அசைகின்றன. சாருஜா எனக்குப் புதுப் பெயர் வைக்கிறாள்: இரண்டு விரலால் ஒரு குருவிச் சொண்டு. (வெட்டு. எனக்கு நானே பெயர் வைக்க முடியாது என்று மேலே சொன்னவனும் நான்தான்.)

ஆ. எழும்பி நிற்கிறேன். கோழி உரிக்கிறேன். சட்டைப் பையிலிருந்து தாளை எடுக்கிறேன். (தவமலர் வாசித்துவிட்டு, "இதுதான் நடக்கும்" என்றாள். பயத்தில் வெட்டிவிட்டேன்.)

இ. காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் விடுகிறேன். ஜன்னலில் மழை பெய்கிறது. (விமர்சகர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். அதனாலேயே விட்டுவிட்டேன்.)

7

நாலாவது முடிவை எழுதத் தொடங்கும்போது அறையின் விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடி அணைந்து எரிந்தது. சாருஜா வந்திருக்கிறாள். என்னைக் கூப்பிடும் முறை அது. வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிடம் என்றேன். அவள் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தவமலர் சொல்லியிருப்பாள் போலும், எனக்குக் குருவி வரவில்லை என்று. இரண்டு கையையும் மடியில் தயாராக வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

இந்தத் தாளின் மேல் விளிம்புக்கு மேலால் எனக்கு அவளுடைய நெற்றி மட்டும் தெரிகிறது. நெற்றியில் ஒரு சின்னத் தழும்பு. எப்போது விழுந்தாள்? எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் வசனம் அமைக்கிறேன், பாருங்கள், இப்போதும் வசனம்தான்.

ஒரு நிமிடம் முடிந்து நாலு நிமிடம் ஆகிவிட்டது. அவள் எழும்பிப் போகவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை என்ன நடக்கும் என்றும் தெரியாது. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எப்படி முடித்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒன்று மட்டும். எழுதுவதற்கு முன், இதைப் பிடித்திருக்கிற உங்கள் கையைக் கொஞ்சம் இறக்கி, எதிரே யாராவது காத்துக்கொண்டு இருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான் நிறுத்துகிறேன். எனக்கு இரண்டு கையும் வேண்டும்.