சிஸ்டருக்காக ஒரு மொட்டை

சிஸ்டர் பெனடிக்டாவை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்காது. தலைமையாசிரியை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ண வேண்டும். இவரோ சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு மணி அடித்ததும் கடலைக் கொல்லையில் போய் உட்கார்ந்துவிடுவார்.

எல்லாம் வேம்புவால் வந்தது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவளை, செடியிலிருந்து கடலை ஆய்வதற்காக அவள் அம்மா பொன்னுத்தாய் நிறுத்திவிட்டாள். சிஸ்டர் கொல்லைக்கே தேடிப் போனார். அவர் பள்ளியில் டீச்சரான நானும் துணைக்கு முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

"புள்ளையும் ஆய்ஞ்சாத்தான் சிஸ்டர் கூலிக் கடலை கொஞ்சம் கூடக் கெடைக்கும். நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?" என்றாள் பொன்னுத்தாய்.

"அவ ஆயுறத நான் ஆயுறேன். நீ புள்ளைய அனுப்பு" என்றார் சிஸ்டர்.

சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளே வெள்ளை அங்கியை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்த அறுவடை முழுக்க அப்படித்தான். விரலெல்லாம் வெடித்து, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் எழுதுவார். அன்றிலிருந்து அவரை நான் குறை சொன்னதில்லை. அடுத்தவர் சொன்னாலும் விட்டதில்லை.

வேம்பு ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். படிப்பில் சுமார்தான், ஆனால் முடி இருக்கிறதே, இடுப்பைத் தாண்டித் தொங்கும். அம்மா விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுவதால், தலை பின்னிவிடுவதும் சிஸ்டர்தான். முடிக்கு மார்க் போட்டால் மாவட்டத்திலேயே முதலாவதாக வருவாள் என்று கேலி செய்வேன். பெருமை பொங்கச் சிரிப்பாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் சிஸ்டருக்குத் தலைவலி வந்தது. பெரம்பலூரில் கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மண்டைக்குள் கட்டி, ஆபரேஷன் என்று செய்தி வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் பள்ளியில், யாருக்காவது நோய் என்றால் பிள்ளைகள் ஜெபச்செண்டு கொடுப்பார்கள். அதில் பூ கிடையாது. ஆளுக்கு ஒரு ஜெபத்தையோ ஒறுத்தலையோ ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதுதான் செண்டு. "ஒறுத்தல்னா, உங்களுக்கு ரொம்பப் புடிச்சத விட்டுக்கொடுக்கிறது" என்று விளக்கினேன். ஒருத்தி மூன்று ஜெபமாலை என்றாள். ஒருத்தி குச்சி ஐஸ் தின்ன மாட்டேன் என்றாள். ஒருவன் கணக்குப் பாடத்தையே விட்டுக்கொடுப்பதாகச் சொன்னான். முதுகில் ஒன்று வைத்தேன். வேம்பு மட்டும் வாயே திறக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தந்தி வந்தது. சில வாரம் கழித்து, வியாழக்கிழமை சிஸ்டரைக் கூட்டிவருகிறோம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்தத் திங்கட்கிழமை வேம்பு பள்ளிக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை துண்டால் தலையை மூடிக்கொண்டு வந்தாள். பின்பெஞ்சுப் பயல் ஒருவன் துண்டை இழுத்தான். மழுங்கச் சிரைத்த மொட்டை, மேலே சந்தனம்.

"என்னடி இது?"

"சிஸ்டருக்குத்தான் நல்லாயிருச்சுல்ல டீச்சர். சிறுவாச்சூர் காளியம்மனுக்குக் குடுத்துட்டோம்."

வகுப்பே சிரித்தது. விட்டுக்கொடுக்கச் சொன்ன நான் என்னத்தை விட்டுக்கொடுத்தேன்? ஒரு வேளை காப்பி.

வியாழக்கிழமை நன்றிப் பூசை. கன்னியர் சபைத் தலைவியான தாயாரும் திருச்சியிலிருந்து வேலூர் போய், சிஸ்டரோடு கூடவே வந்துகொண்டிருந்தார். சிஸ்டருக்கு மாலை போடுவது வேம்பு என்று முன்பே முடிவு செய்திருந்தேன். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தர்மராஜ் ஓடிவந்தார்.

"டீச்சர், அந்தப் புள்ளைய முன்னால நிறுத்தாதீங்க. காளி கோயில்ல அடிச்ச மொட்டை. தாயாரு பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"உங்க வழுக்கைய நீங்க எந்தச் சாமிக்குக் குடுத்தீங்க உபதேசியாரே? உங்கள முன்னால நிறுத்தலாமா?"

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டே நகர்ந்தார். ஆனால் பின்னால் நின்ற வேம்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மாலையை என் கையில் திணித்தாள்.

"வேற யாராச்சும் போடட்டும் டீச்சர். சிஸ்டருக்கும் புடிக்காமப் போயிட்டா?"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். எனக்கும் உள்ளூர பயம்தான். சிஸ்டர் முகம் சுளிக்க மாட்டார். தாயார் பக்கத்தில் நிற்க, ஒரு வார்த்தை பேசாமல் கடந்துபோனால்கூடப் போதும், பிள்ளை மனசு உடைந்துவிடும்.

ஜீப் வந்தது. சிஸ்டர் பாதியாக இளைத்திருந்தார். முக்காடு புருவம் வரை இறங்கியிருந்தது. நான் போட்ட மாலையை வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "வேம்பு எங்க?"

பிள்ளைகள் விலகினார்கள். சிஸ்டர் மெதுவாக நடந்துபோய் அவள் முன்னால் நின்று துண்டை எடுத்தார். உபதேசியார் அவசரமாக, "அது வந்து சிஸ்டர், அறியாத சனம், சிறுவாச்சூர்ல போயி..." என்று இழுத்தார். சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்காகவா வேம்பு?"

"வேண்டிக்கிட்டது எங்கம்மா சிஸ்டர். குடுத்தது நான்."

சிஸ்டர் ஊசியை உருவி முக்காட்டைக் கழற்றினார். கன்னியர் தலையை அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அறுவடை முடிந்த கொல்லை மாதிரி கட்டை முடி. நடுவே காதுவரை ஒரு நீளத் தழும்பு. தாயார் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சிஸ்டர் குனிந்து, வேம்புவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தார்.

"வலிக்குதா சிஸ்டர்?"

"இல்லடி. யாருக்கு மொதல்ல வளருதுன்னு பாப்போமா?"

வேம்பு சிரித்தாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்தபடியே கோயிலுக்குள் நடந்தார். பூசை முடியும்வரை முக்காட்டைப் போட்டுக்கொள்ளவே இல்லை.